பிசிறு வெட்டும் கத்திரி

திருப்பூர் பல்லடம் ரோட்டில் அருள்புரத்தைக் கடக்கிறவர்கள் பனியன் கம்பெனிகளைத்தான் பார்ப்பார்கள். அவற்றின் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் எத்தனை ஆமைகள் வளர்கின்றன என்று யாரும் எண்ணியதில்லை. நாய் வளர்க்க வீட்டு ஓனர் விடமாட்டார். சத்தம் போடாமல் ஷிப்ட் முடியும்வரை காத்திருப்பது ஆமைதான். மீன் தொட்டிக் கடையில் விற்கிற, காதோரம் சிவப்புக் கோடு போட்ட அமெரிக்க ஆமை அது.

எங்கள் வீதியில் செக்கிங் வேலைக்குப் போகும் பெண் ஒருநாள் ஆமையைக் கொண்டுவந்து காட்டினார். “ஏனுங்ண்ணா, இதுக்கு மூக்கு வளந்து வாயையே மூடுதுங்க. கம்பெனில பிசிறு வெட்டற கத்திரி இருக்குது, நுனியை மட்டும் நறுக்கிரட்டுங்களா?”

“கத்திரி கம்பெனியிலயே இருக்கட்டும் கண்ணு” என்றேன்.

ஆமைக்குப் பல் கிடையாது. தாடை எலும்பின் மேல் இருக்கும் கெரட்டின் உறைதான் அலகு. நம் நகமும் அதே பொருள்தான். உயிர் உள்ளவரை அது வளரும், கடினமானதைக் கடிக்கக் கடிக்கத் தேயும். உறைக்கு அடியில் ரத்தம் ஓடும் சதை. கத்திரி போட்டால் உறை நெடுக்காகப் பிளந்து, விரிசல் அந்தச் சதைவரை போகலாம். கால்நடை மருத்துவர்கள் சின்ன மோட்டாரில் சுழலும் உராய்கல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுப்பார்கள்.

தேய்த்துவிட்டால் வேலை முடிந்ததா என்றால், இல்லை. தொட்டிக் கடையில் கொடுக்கும் குருணைத் தீனி தண்ணீரில் ஊறிப் பொதபொதத்துவிடும். அதை மட்டுமே தின்னும் ஆமைக்கு அலகு எப்படித் தேயும்? சுண்ணாம்புச் சத்து குறைந்தாலோ, வைட்டமின் டி உண்டாக வெயில் கிடைக்காவிட்டாலோ தாடை எலும்பே மெலிந்து வளையும். மேல் தாடையும் கீழ்த் தாடையும் பொருந்தாமல் போகும். ஜன்னலோரம்தான் வைத்திருக்கிறோம் என்பார்கள். வேண்டிய புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் மனிதர்களுக்கே வெயில் இல்லை. ஆமைக்கு எங்கே போவது? காலையில் மொட்டை மாடிக்கு எடுத்துப் போகலாம், ஒதுங்க நிழலும் இருக்கவேண்டும்.

நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள். தொட்டியில் ஒரு துண்டு மிதக்கவிட்டால் ஆமை கடித்துக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பும் சேரும், அலகும் தேயும். ஓட்டோடு கூனி இறால் போட்டால் இன்னும் நல்லது.

தீனிக்கும் அலகுக்கும் உள்ள உறவுக்குச் சாட்சியாக ஒரு கிழவர் இருக்கிறார். செயின்ட் ஹெலினா தீவின் ஜோனதன் என்ற பெரிய ஆமை 1882-ல் அங்கே வந்து சேர்ந்தது. பிறப்பு 1832 வாக்கில் என்று கணக்கு. கண் தெரியாமல், மோப்பமும் போய், வாய்க்கு அகப்பட்டதைக் கடித்துக்கொண்டிருந்தது. அலகு மழுங்கி உதிரத் தொடங்கியதைக் கால்நடை மருத்துவர் ஜோ ஹாலின்ஸ் கவனித்தார். வாரம் ஒருமுறை காய்கறியும் பழமும் கையால் ஊட்டினார்கள். அலகு மறுபடி கூராகிவிட்டது, ஊட்டுகிறவர் விரலைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு.

அடிபட்ட அலகு வேறு விஷயம். குழந்தை கையிலிருந்து சிமெண்ட் தரையில் விழும், தெருநாய் கவ்வும். நுனி மட்டும் சில்லுப் போயிருந்தால் தானே வளர்ந்துவிடும். ரத்தம் நிற்காவிட்டாலோ, தாடை கோணிக்கொண்டாலோ, தின்ன மறுத்தாலோ தாமதிக்கக் கூடாது. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு வெளியே உலர்ந்த இடத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். மஞ்சள் தூளும் ஒட்டுப் பசையும் வேண்டவே வேண்டாம். நம் மாவட்டத்திலேயே உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மோசமான காயத்துக்கும் வழி உண்டு. துருக்கியில் படகின் விசிறி வெட்டிப் பாதித் தாடைக்கு மேல் இழந்த கடலாமைக்கு 2015-ல் டைட்டானியத்தில் முப்பரிமாண அச்சில் தாடை செய்து பொருத்தினார்கள். அக்குட்-3 என்று அதற்குப் பெயர்.

வளர்க்க முடியவில்லை என்று நஞ்சராயன் குளத்தில் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. 2024-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த குளம் அது. அங்கே இந்த வெளிநாட்டு ஆமை பெருகினால் உள்ளூர் ஆமைகளின் இடத்தையும் இரையையும் பிடுங்கிக்கொள்ளும். சாயக் கழிவால் நொய்யல் ஆற்றுக்கு நாம் செய்தது போதாதா?

அதிர்ஷ்டம் என்று நட்சத்திர ஆமையை ஒளித்து வளர்க்கும் வீடுகளில்தான் அலகு மிக மோசமாக வளைந்து போகிறது என்பது என் சந்தேகம். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் டாக்டரிடம் கொண்டுபோகவே மாட்டார்கள். வறண்ட முட்காட்டில் புல்லும் செடியும் கடித்துத் திரிய வேண்டிய ஜீவனுக்குச் சமையலறை மூலையில் தக்காளியும் சோறும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. குறைந்தது 3 ஆண்டு சிறை. யார் வீட்டிலாவது இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.