அரிசி மூட்டையைச் சுமந்தது யார்?

ருவன்வெல்லக் கோட்டைக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே படத்தைத்தான் போடுகிறார்கள். வளைவு வாசல், பழைய மதில், கொஞ்சம் பாசி. கீழே "பிரித்தானியர் காலக் கோட்டை, 1817" எண்டு ஒரு வரி. நாங்களும் போனோம், படமும் எடுத்தோம். ஆனால் அந்த ஒரு வரியோடு எங்களுக்குச் சண்டை இருக்கு.

கொழும்பிலிருந்து அவிசாவளைக்குப் போய், அங்கிருந்து கேகாலை மாவட்டத்துக்குள் இறங்கினால் ருவன்வெல்ல. களனி கங்கையோடு சேரும் குருகொட ஓயா பக்கத்தில் ஓடுது. கோட்டையில் மிஞ்சியது கொஞ்சம்தான். வளவுக்குள் இப்போது பொலிஸ் நிலையமும் வாடிவீடும். "இவ்வளவுதானா?" எண்டு திரும்பிப் போகிறவர்கள்தான் கூட. மதிலைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆற்றைப் பார்த்தால்தான் இடம் விளங்கும்.

1815 வரைக்கும் கரையோரத்துப் பிரித்தானிய ஆட்சிக்கும் கண்டி இராச்சியத்துக்கும் எல்லை அவிசாவளைப் பக்கம், சீதாவாக்கை ஆறு. ருவன்வெல்ல அந்த எல்லைக்குச் சற்று உள்ளே. கொழும்பில் ஏற்றிய சாமான் களனி கங்கையால் வள்ளத்தில் இதுவரை வரலாம். அதற்கு அப்பால் இடமல்பான, அத்தப்பிட்டிய, கணேதென்ன, பலன எண்டு மலை ஏறவேணும். கண்டி அரசர்கள் அந்தப் பாதைகளை வேண்டுமென்றே அகலமாக்கவில்லை. அதுதான் அவர்களுடைய மதில். வண்டி போகாது. வள்ளத்தால் இறங்குகிற ஒவ்வொரு அரிசி மூட்டையும் ஒரு மாட்டின் முதுகில் ஏறவேணும், இல்லாவிட்டால் ஒரு மனிதனின் தோளில் ஏறவேணும்.

ஆகவே இது வெறும் கோட்டை இல்லை, களஞ்சியம். துவக்கு களஞ்சியத்தைக் காத்தது. களஞ்சியம்தான் படையைக் காத்தது.

இதைப் பிரித்தானியர் பட்டுத்தான் படித்தார்கள். 1803 பெப்ரவரியில் கண்டிக்குள் போனார்கள், நகரம் வெறுமையாக இருந்தது. முத்துச்சாமியை அரசனாக்கிச் சிம்மாசனத்தில் இருத்தினார்கள். கண்டிப் படை நேரே வந்து மோதாமல் பாதைகளை அறுத்தது. காய்ச்சலும் பட்டினியும் மிச்ச வேலையைச் செய்தன. ஜூனில் மேஜர் டேவி சரணடைந்தார். வெள்ளம் பெருகிய மகாவலியைக் கடக்க வழியில்லாமல் வட்டப்புளுவவில் அவருடைய ஆட்கள் கொல்லப்பட்டார்கள். முத்துச்சாமியும் தப்பவில்லை. கண்டியைப் பிடிக்கத் துவக்கு போதும், வைத்திருக்க அரிசி வேணும். அந்தப் பாடத்துக்குப் பிறகு எழுந்த கட்டடம்தான் நாங்கள் பார்க்கிற வாசல்.

கோட்டை கட்டிய அதே 1817 இல், ஒக்டோபர் மாதம், ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்க வீடுகளைக் கொளுத்தினார்கள், தானியத்தையும் பழமரங்களையும் அழித்தார்கள், ஆடுமாடுகளைப் பறித்தார்கள். இராணுவ மருத்துவராக இருந்த ஜோன் டேவி 1821 இல் வெளியிட்ட நூலில், பிரித்தானியர் தரப்பில் ஏறக்குறைய 1,000 பேரும் கண்டி மக்களில் 10,000 பேருக்குக் குறையாமலும் இறந்ததாகக் கணக்குச் சொல்கிறார். படைக்கு அரிசி மலை ஏறியது, சனத்தின் நெல் எரிந்தது. இரண்டும் ஒரே போரின் இரண்டு கைகள். "கட்டடக்கலை" எண்டு சொல்லிப் படம் காட்டுகிறவர்கள் இரண்டையும் சொல்வதில்லை.

சரி, சுமந்தது யார்? இராஜகாரியம் எண்ட கட்டாய உழைப்புக்குப் பிடிக்கப்பட்ட கிராமத்து ஆட்கள். கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்ட ஆட்கள். ஆங்கில ஆவணங்களில் அவர்களுக்கு ஒரே பெயர்: கூலி. எங்கட மொழியில் கூலி எண்டால் செய்த வேலைக்குக் கொடுக்கிற சம்பளம். அந்த ஆவணங்களில் அது மனிதனின் பெயர். சம்பளத்தை எடுத்துவிட்டுச் சொல்லை மட்டும் அவன் தலையில் கட்டி விட்டார்கள்.

இதை மறைக்க இரண்டு கோஷ்டி இருக்கு. ஒரு கோஷ்டிக்குக் காலனி காலம் எண்டால் வடிவான தூண், ஓட்டுக் கூரை, நல்ல கோப்பி. மற்றக் கோஷ்டிக்கு வரலாறு எண்டால் அரசர்கள், துரோகிகள், வீரர்கள். இரண்டும் ஒன்றையொன்று திட்டும். ஆனால் மூட்டை சுமந்தவனை விட்டுவிடுவதில் இரண்டுக்கும் நல்ல ஒற்றுமை. கடுகண்ணாவையில் நிற்கிற கோபுரத்தைப் பாருங்கள். கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனுக்கு 1832 இல் எழுப்பியது. இராஜகாரியத்தில் அந்த மலையை வெட்டியவர்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. இராஜகாரியம் ஒழிக்கப்பட்டதும் அதே 1832 தான்!

"பழைய கதை, இப்ப எதுக்கு?" எண்டு கேட்பவர்களுக்கு எங்களிடம் பதில் இருக்கு. எங்கட கூட்டத்தில் அட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையும் இருக்கிறாள், யாழ்ப்பாணத்துப் பெடியனும் இருக்கிறான். அவளுடைய சனத்தை 1948 இல் பிரசாவுரிமை இல்லாதவர்களாக்கினார்கள். 2023 இல் மலையகம் 200 எண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோதும் "பிறகு வந்தவர்கள்தானே" எண்ட கதை ஓயவில்லை. கோப்பித் தோட்டத்துக்கு முன்னமே, 1803 இல், பிரித்தானியப் படையோடு இந்தியாவிலிருந்து வந்த லஸ்கர்கள் இந்த மலைகளில் நின்றார்கள். அவர்களை வரலாற்றில் எழுதாமல் விட்டுவிட்டு, பிறகு அதே வரலாற்றைக் காட்டி "நீ எப்ப வந்தனி?" எண்டு கேட்பது அநியாயம்.

அவனுடைய வீட்டிலோ வழங்கல் எண்டால் என்னவெண்டு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் எங்கட அம்மாமார். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடியபோது யாழ்ப்பாணத்தில் அரிசி எங்கே, சீனி எங்கே எண்டு கப்பலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஊவாவில் நெல்லை எரித்தவனும் பிறகு பாதையை மூடியவனும் வேறு வேறு ஆட்கள். சோற்றில் கை வைத்தால் சனம் பணியும் எண்ட கணக்கு ஒன்றுதான்.

எங்கட கோரிக்கை சின்னது. அந்த வாசலில் மூன்று மொழியிலும் ஒரு பலகை வேணும்: இங்கே எது இறங்கியது, எங்கே போனது, யார் சுமந்தார்கள். வெளிக்களப் பயணம் எண்டு பஸ் பிடிக்கிற துறைகள், கட்டிய ஆண்டையும் ஆளுநரின் பெயரையும் எழுதி வாங்குவதோடு நிறுத்தக்கூடாது. வள்ளத்தையும் மூட்டையையும் மலைப் பாதையையும் பற்றிக் கேள்வி போடவேணும். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிற தங்கச்சி தம்பிமாருக்கும் சொல்கிறோம்: சுவடிகள் திணைக்களத்துக்குப் போங்கள். "கூலி" எண்டு எண்ணிக்கை மட்டும் எழுதிய பக்கங்களைத் தேடிப் பிடியுங்கள். எங்கேயாவது ஒரு பெயர் அகப்பட்டால், பிரவுண்ரிக்கின் பெயருக்கு முன்னால் அதை எழுதுங்கள்.