திரும்பிச் செல்வதும் உறவே



2020ஆம் ஆண்டு ஜூலை 30, வியாழன் இரவு. மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாள். வட இங்கிலாந்தின் மான்செஸ்டர், பிராட்ஃபோர்டு முதலிய நகரங்களின் முஸ்லிம் இல்லங்கள் விருந்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தன. ஒன்பது மணி கடந்தபின் அரசின் அறிவிப்பு வந்தது: கொரோனா பரவுவதால், வெவ்வேறு வீட்டார் ஒருவர் இல்லத்திலோ தோட்டத்திலோ நள்ளிரவு முதல் கூடலாகாது! பிரிட்டன் முஸ்லிம் கவுன்சில், அறிவித்த விதத்தைக் கண்டித்தது. நியாயமான கண்டனமே. ஆயினும், சொன்ன விதம் தவறு என்பதால் சொல்லப்பட்டதும் தவறாகிவிடாது.

பெருநாளன்று பெற்றோரைக் காணாதிருப்பது இரத்த பந்தத்தைத் துண்டிப்பதாகாதா என நீங்கள் வினவலாம். திருமறையின் அந்நூர் அத்தியாயத்தை நோக்குங்கள். பிறர் இல்லம் செல்வோர் அனுமதி பெற வேண்டும். திரும்பிப் போகும்படி கூறப்பட்டால் திரும்பிவிடுவதே தூய்மையானது என்கிறது அது. தொற்றுநோய் குறித்து அருளப்பட்டதன்று அவ்வசனம். ஆனால், வாசலிலிருந்து திரும்புவது இழிவன்று என்பதை அது நமக்குக் கற்பிக்கிறது.

அம்வாஸ் கொள்ளைநோயின்போது, ஷாம் நாட்டு எல்லையிலுள்ள ஸர்க்வரை சென்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள், தம் உற்ற தோழர் அபூஉபைதா (ரலி) அவர்கள் ஆட்சேபித்தும் மதீனாவுக்குத் திரும்பிவிட்டார்கள். அன்பு குறைந்தா திரும்பினார்கள்? பின்னர் அபூஉபைதாவைத் தம்மிடம் வந்துவிடுமாறு கடிதம் எழுதி அழைத்ததாக வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். அவர்களோ படையினரைப் பிரிய மனமின்றி அங்கேயே தங்கி, அந்நோயிலேயே மறைந்தார்கள்.

மிதமிஞ்சிய கண்டிப்பும் வேண்டாம். தனித்து வாழும் ஒருவர் வேறொரு வீட்டாருடன் ஒரே குடும்பம்போல் இணையலாம் என்ற சலுகை, இங்கிலாந்தில் 2020 ஜூன் 13 முதல் இருந்தது. பெருநாள் தடையும் அதைப் பறிக்கவில்லை. அல்லாஹ் தரும் சலுகையை ஏற்பது அவனுக்கு உவப்பானது என்பது நபிமொழியின் கருத்து. அவ்வாறிருக்க, சட்டமே இடமளித்தும் விதவைத் தாயைத் தனியே விட்டுவைப்பதற்குப் பேணுதல் என்று பெயரிடலாமா?

அன்று இணைய முடிந்தது ஒரே ஒரு வீட்டுடன்தான். நான்கு மக்கள் இருப்பின், தாய் யாரிடம் செல்வது? மகன்மார் கூடி முடிவெடுப்பதற்குமுன் அத்தாயிடமன்றோ முதலில் கேட்டிருக்க வேண்டும்? மகள் வீட்டையே அவர் விரும்பியிருக்கவும் கூடும்.