அக்கறை இல்லையாம் நமக்கு!

"தோட்டத்துத் தாய் தகப்பனுக்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறை கிடையாது." இந்த வசனத்தை நாம் எத்தனை இடத்தில் கேட்டுவிட்டோம்! கல்விக் கூட்டங்களில் கேட்டோம். பரிசளிப்பு விழாவில் கழுத்து நிறைய மாலையோடு உட்கார்ந்திருந்தவர்கள் மைக்கைப் பிடித்துச் சொல்லக் கேட்டோம். தோட்டத்து ஆபீசில் துரைமார் சொல்லக் கேட்டோம். இப்போது லயத்தில் பிறந்து, படித்து, அதே தோட்டப் பாடசாலையில் வெண்கட்டி பிடிக்கிறவர்களில் சிலரும் இதையே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பதில் சொல்லாமல் விட்டால் நம் பிள்ளைகளும் அதை நம்பிவிடுவார்கள்.

தோட்டப் பாடசாலை ஆசிரியர்களாகிய நாம் சிலர், விடுமுறையில் பதுளையில் பஸ் ஏறி ஏறாவூருக்குப் போயிருந்தோம். பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை, பிபிலை, மகாஓயா என்று இறங்கும் ஏ-5 வீதி செங்கலடியில் போய் முடிகிறது. அங்கிருந்து ஏறாவூர் கூப்பிடு தூரம். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் தோட்டங்களை விட்டு ஓடியவர்களில் ஒரு பகுதியினர் குடியேறியதும் இந்த மட்டக்களப்பு மாவட்டத்தில்தான். ஆகவே நமக்கு முற்றிலும் அந்நியமான திசையல்ல. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பை ஒட்டித் தனி நாட்காட்டி இருப்பதால், நமக்கு விடுமுறையான நாளிலும் அங்கே வகுப்பு நடந்தது. ஓர் ஆரம்பப் பாடசாலையில் மூன்று நாள் இருந்து பார்த்தோம்.

வெளியே பெரிதாகப் பேசப்படும் பாடசாலை அல்ல அது. நம் பிள்ளைகள் படிக்கும் அதே தமிழ்ப் புத்தகங்கள். அதே தாய்மொழி, கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள். நம் பிள்ளை தேயிலைச் செடியும் கூடையும் வரைகிற இடத்தில் அங்குள்ள பிள்ளை வாவியும் தோணியும் வரைகிறது. ஒருநாள் சிறுவர் சந்தை வைத்தார்கள். முருங்கைக்காய், முட்டை, பயற்றங்காய், வீட்டில் அவித்த இடியப்பம் எல்லாம் விலைக்கு வந்தன. தரம் நான்கு மாணவன் ஒருவன் மிச்சக்காசு கொடுத்த வேகத்தைப் பார்த்துச் சிரித்தோம். நம் பாடசாலைகளிலும் சிறுவர் சந்தை நடக்கிறது. கறட்டும் லீக்ஸும் விற்கிற நம் பிள்ளைகள் கணக்கில் அவனுக்குக் குறைந்தவர்கள் இல்லை. இதில் எல்லாம் வித்தியாசம் தெரியவில்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் தெரிந்தது. இரண்டாம் தரத்தில் ஒரு சிறுமி 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று வாசித்தாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை; ல, ள இரண்டும் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று குறித்துக்கொண்டு, அன்று காலையே வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தார். இடைவேளைக்கு முன் உம்மா வந்துவிட்டார். வாங்கில் உட்கார்ந்தார். டீச்சர் கொப்பியைக் காட்டினார், வீட்டில் எப்படி வாசிக்க வைப்பது என்று சொன்னார், பத்து நிமிடத்தில் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே யாரும் இதைச் சாதனை என்று சொல்லவில்லை. தினமும் நடக்கிற காரியம்.

இதே காரியம் நம் தோட்டத்தில் எப்படி நடக்கிறது? ஆசிரியர் கொப்பியில் குறிப்பு எழுதி விடுகிறார். கடைசி நிறுவை முடிந்து அம்மா மலையிலிருந்து இறங்க அந்தியாகிவிடும். அடுப்புப் பற்றவைத்து, பிள்ளைக்காம்பராவிலிருந்து கூட்டிவந்த சின்னதையும் பார்த்து, அதன்பிறகுதான் கொப்பி கைக்கு வரும். மறுநாள் பாடசாலைக்குப் போக வேண்டுமென்றால் பிரட்டில் சொல்ல வேண்டும். சொன்னால் அன்றைய பேர் போயிற்று. பாடசாலைக்குப் போய்விட்டுப் பிந்தி மலைக்கு ஏறினால் கங்காணி அரைப்பேர் போடுவார், போடாமலும் விடுவார். 2026 வரவு செலவுத் திட்டம் 1350 ரூபா நாட்சம்பளத்தை 1550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 ரூபா வருகைக் கொடுப்பனவும் தரும் என்றது. அப்படிப் பார்த்தால் பத்து நிமிடப் பேச்சுக்கு ஒரு தாய் கொடுக்கிற விலை 1750 ரூபா. ஞாயிறும் போயாவும் அவருக்கு ஓய்வுதான், ஆனால் அன்று பாடசாலை பூட்டு. கடைசியில் கோயில் திருவிழாவில், தப்புச் சத்தத்துக்கு நடுவில், "பிள்ளை வாசிப்பில கொஞ்சம் பின்னுக்கு நிக்குது அக்கா" என்று காதுக்குள் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குள் ஒரு தவணை ஓடியிருக்கும்.

ஏறாவூர்ப் பெற்றோர் எல்லாரும் நம்மைவிட வசதியானவர்கள் என்று யாரும் கதை விட வேண்டாம். வயல் வேலை, மீன், கைத்தறி, சின்னக் கடை, கூலி, மத்திய கிழக்கில் வீட்டு வேலை என்றுதான் பல குடும்பங்கள் ஓடுகின்றன. 1990 ஆகஸ்ட் மாதத்தில் ஒரே இரவில் பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த ஊர் அது. அந்த ஊரில் ஒரு தறிக்காரத் தாய் தறியை நிறுத்திவிட்டு வருகிறார், போய் மறுபடி நெய்கிறார். அரை மணி நேரம் எங்கே போனாய் என்று கேட்கத் துரை இல்லை. அந்த அரை மணி நேரம் அவர் கையில் இருக்கிறது. நம் தாய்மாரின் அரை மணி நேரம் கம்பனியின் கையில் இருக்கிறது. இதற்குப் பெயர் அக்கறையின்மையா?

பழைய கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வைக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் கொடுத்தது. பல தோட்டங்களில் பிரட்டுக் களத்துக் கொட்டகையிலோ கோயில் மண்டபத்திலோ ஒரு வாத்தியார், எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒன்றாக, அவ்வளவுதான் பாடசாலை. 1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1948 இல் குடியுரிமையும் போயிற்று. அரசாங்கம் நம் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலிருந்துதான். அதன்பிறகு நடந்ததை யாரும் குறைத்துப் பேச முடியாது. மட்டக்களப்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த ஆசிரியர்கள் படிப்பித்தார்கள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் நம் பிள்ளைகள் பயிற்சி பெற்று வந்தார்கள். ஆசிரியர் உதவியாளர் என்று பெயர் வைத்து மாதம் 6000 ரூபாவுக்கு அமர்த்தியபோதும் நம் இளைஞர் யுவதிகள் வகுப்பறையை விட்டுப் போகவில்லை. ஆனால் பாடசாலையை அரசு எடுத்துக்கொண்டாலும், பெற்றோரின் நேரம் தோட்டத்திடமே இருந்துவிட்டது.

இதற்குள் புலமைப்பரிசில் வந்து குறுக்கே நிற்கிறது. ஏழைப் பிள்ளைகளைத் தூக்கிவிட வந்த பரீட்சை, இன்று பத்து வயதுப் பிள்ளைகளைப் போட்டு அரைக்கிறது. 2024 செப்டெம்பரில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கும். வெட்டுப்புள்ளி தாண்டிய இரண்டு மூன்று பிள்ளைகளின் படத்தைப் பதாகையில் அடித்துத் தோட்டச் சந்தியில் கட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைகளை வாழ்த்துகிறோம், அவர்கள் உழைப்பு லேசுப்பட்டதல்ல. ஆனால் 'பள்ளி'யைப் 'பல்லி' என்று வாசித்த பிள்ளை இரண்டாம் தரத்தில் யார் கண்ணிலும் படாமல் ஐந்தாம் தரத்துக்கு வந்து சேர்ந்தால், அதைப் பதாகையில் போடுவார் இல்லை. முதலாம் தரத்தில் பென்சில் பிடிக்கத் தெரியாமல் வந்து, ஆண்டு முடிவில் அப்பாவின் பெயரைத் தானே எழுதிக் காட்டுகிற பிள்ளைக்கும் பதாகை இல்லை. ஆரம்பப் பாடசாலையில் நடக்கிற பெரிய வேலை அதுதான் என்று வகுப்பில் நிற்கிற நமக்குத் தெரியும்.

ஆகவே நாம் கேட்பது ஒன்று. தரம் ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், தவணைக்கு ஒரு தடவை, பெற்றோரில் ஒருவருக்குச் சம்பளத்தோடு அரைநாள். 'பாடசாலைப் பேர்' என்று செக்ரோலில் போடட்டும். அதிபர் கையொப்பமிட்ட துண்டு சாட்சி. தை மாதம் முதலாம் தரத்தில் பிள்ளையைச் சேர்க்கும் தாய்மாருக்கு, முதல் இரண்டு வாரம் பிரட்டுக்கு அரைமணி பிந்தினாலும் பேர் வெட்டக் கூடாது. பெற்றோரில் ஒருவர் என்றோம், தாய் என்று சொல்லவில்லை. தகப்பன்மாருக்கும் பாடசாலை வழி தெரியட்டும்.

வேலை கெட்டுப்போகும் என்று கம்பனி சொல்லும். கணக்குப் போடுவோம். ஒரு தோட்டத்தில் ஆரம்பப் பிரிவில் 80 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு மூன்று அரைநாள், அதாவது ஒரு பிள்ளைக்கு ஒன்றரை நாள். மொத்தம் 120 பேர். 1550 ரூபாப்படி 1,86,000 ரூபா, அதுவும் ஓர் ஆண்டு முழுவதற்கும். துரையின் வாகன எண்ணெய்ச் செலவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தரத்துக்கும் வேறு வேறு நாள் வைத்தால் ஒரு மலையிலிருந்து ஒரே நாளில் நாலைந்து பேருக்கு மேல் குறையமாட்டார்கள். நாட்களைத் தோட்டத்தோடு பேசி வைக்கப் பாடசாலைகள் தயார்.

2021 இல் சம்பளப் பேச்சு சம்பள நிர்ணய சபைக்குப் போனதிலிருந்து கூட்டு ஒப்பந்தம் முடங்கிக் கிடக்கிறது. சபையில் ரூபாக் கணக்கு பேசுகிறார்கள். இப்படிப்பட்ட விடயம் அங்கே வருவதில்லை. அதற்காக மேலே இருப்பவர்கள் பேசி முடிக்கட்டும் என்று நாம் காத்திருக்க முடியாது. தோட்ட மட்டத்தில் தொடங்கலாம். தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் இம்மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுங்கள். உங்கள் டிவிசனில் தரம் ஒன்று முதல் ஐந்து வரை எத்தனை பிள்ளைகள் என்ற எண்ணிக்கையை அதிபரிடம் வாங்குங்கள். கடந்த தவணையில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனதால் பேர் இழந்தவர்கள் எத்தனை பேர் என்று லயம் லயமாகக் கேட்டு எழுதுங்கள். இரண்டையும் ஒரே தாளில் போட்டு, துரைக்கு ஒரு பிரதியும் தொழில் அலுவலகத்துக்கு ஒரு பிரதியும் கொடுத்து, மூன்றாவதை நமக்கு அனுப்புங்கள். வந்து சேரும் கணக்குகளை அடுத்த இதழில் தோட்டம் தோட்டமாக வெளியிடுகிறோம்.