ஒரு துப்பாக்கி, மூன்று குழல்கள்

இலக்கிய வாசகர்களாகிய நாம் வேட்டைத் துப்பாக்கியை அறிந்தது பெரும்பாலும் புத்தகங்களின் வழியாகத்தான். ஜிம் கார்பெட்டின் குமாவோன் காடுகளிலும் ஹெமிங்வேயின் ஆப்பிரிக்கப் புல்வெளிகளிலும் துப்பாக்கி என்பது பொதுப்பெயர் அன்று; அதற்கென ஒரு தயாரிப்பாளர், ஓர் அளவு, ஒரு வரலாறு உண்டு. கார்பெட்டின் .275 ரிக்பி அப்படிப்பட்ட ஒரு தனிப்பொருள். 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைச் சுட்டதற்காக ஐக்கிய மாகாணங்களின் துணைநிலை ஆளுநராக இருந்த ஹியூவெட் அதைப் பரிசளித்தார். அந்தச் செய்தி அதன் கட்டையில் பதித்த வெள்ளித் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வேறொரு ரிக்பியைக் கொண்டுவந்து அதனிடத்தில் வைத்துவிட முடியாது.

இன்று ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் பலரின் இரும்புப் பெட்டியில் இருப்பது வேறுவகைப் பொருள். ஓர் உடல், ஒரு விசை, ஒரு கட்டை. ஆனால் குழல்கள் இரண்டோ மூன்றோ. சிறு மானுக்கு ஒன்று, காட்டுப்பன்றிக்கு ஒன்று, ஆப்பிரிக்க எருமைக்கு ஒன்று. சிறிய சாவி ஒன்றைக் கொண்டு கழற்றி மாட்டிக்கொள்ளலாம். இதை நாம் மாற்றுக்குழல் ரைஃபிள் என்று அழைப்போம். இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் விலை, எடை, துல்லியம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நமக்கோ வேறொரு கேள்வியே முக்கியமாகப் படுகிறது. அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு துப்பாக்கியா, மூன்றா? மூன்று என்பதே நம் கட்சி. வைத்திருப்பவரும், அவர் கடந்துசெல்லும் எல்லைகளில் உள்ள அதிகாரிகளும் அதை மூன்றாகவே எண்ண வேண்டும் என்று கருதுகிறோம்.

குழலை மாற்றும் எண்ணம் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பறவை வேட்டைக்கான இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இரண்டு ஜோடிக் குழல்களோடு ஒரே பெட்டியில் விற்கப்பட்டதுண்டு. ஜெர்மானியர் இன்னொரு வழியில் போனார்கள். 'டிரில்லிங்' என்ற துப்பாக்கியில் மூன்று குழல்களையும் சேர்த்தே பிணைத்தார்கள். வழக்கமாக இரண்டு குழல்கள் சிதறு குண்டுகளுக்கு, ஒன்று தனிக் குண்டுக்கு. அமெரிக்காவில் 1967-ல் வந்த தாம்சன்/சென்டர் நிறுவனத்தின் 'கண்டெண்டர்' கைத்துப்பாக்கியில் ஒரு கீல் ஆணியை எடுத்தால் குழல் தனியே வந்துவிடும்.

போல்ட் வைத்த ரைஃபிளில் இது எளிதன்று. மௌசர் 98 வகையில், தோட்டா வெடிக்கும்போது போல்ட்டைப் பின்னுக்கு வரவிடாமல் தாங்குவது நடு உடல். குழல் அந்த உடலில் திருகி இறுக்கப்பட்டிருக்கும். போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா அமரும் அறைக்கும் இடையேயான அளவு சிறிது பிசகினாலும் ஆபத்து. ஆகவே குழலை மாற்றுவது பட்டறையில் அளவுகோல் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. ஜெர்மனியின் பிளேசர் நிறுவனம் 1993-ல் கொண்டுவந்த ஆர்93, 2008-ல் கொண்டுவந்த ஆர்8 ஆகியவற்றில் ஏற்பாடு வேறு. போல்ட்டின் தலை விரிந்து நேராகக் குழலுக்குள்ளேயே பூட்டிக்கொள்கிறது. வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் பூட்டு குழலுக்கும் போல்ட்டுக்கும் இடையிலேயே அமைந்துவிடுகிறது. தொலைநோக்கியும் குழலின் மேலேயே அமர்கிறது; கழற்றும்போது குழலோடு சேர்ந்து போகிறது. திரும்ப மாட்டினால் குறி பெரிதாக விலகாமல் இருப்பதற்கு இதுவே காரணம். எஞ்சியிருக்கும் நடு உடல் கிட்டத்தட்ட ஒரு தாங்கிதான். இந்தச் செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

ஒருவர் ஏன் இதை வாங்குகிறார்? சட்டமே ஒரு காரணம். ஜெர்மன் வேட்டைச் சட்டப்படி 'ரே' எனப்படும் சிறுவகை மானைச் சுடும் தோட்டாவுக்கு நூறு மீட்டர் தொலைவில் குறைந்தது 1,000 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும். செம்மான், காட்டுப்பன்றி போன்ற பெரிய விலங்குகளுக்கு 2,000 ஜூல் ஆற்றலும் குறைந்தது 6.5 மில்லிமீட்டர் குண்டும் வேண்டும். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் எருமைக்கும் யானைக்கும் .375 அளவுக்குக் குறைந்த துப்பாக்கி கூடாது. ஆக, விலங்குக்கு விலங்கு கருவி மாறியாக வேண்டும். இரண்டாவது காரணம் பழக்கம். விசையின் கனம், கட்டை தோளில் பொருந்தும் இடம், போல்ட்டை இழுக்கும் கையசைவு ஆகியவை மாறாமலிருந்தால் கை தடுமாறாது. ஒரே துப்பாக்கி வைத்திருப்பவனிடம் எச்சரிக்கையாக இரு என்று ஆங்கிலேய வேட்டைக்காரர்களிடையே ஒரு பேச்சு வழக்கு உண்டு. இந்தக் காரணத்தை நாம் மதிக்கிறோம். மூன்றாவதாகச் சொல்லப்படும் சிக்கனம் மட்டும் நம்பத்தக்கதாக இல்லை. ஒரு கூடுதல் குழலின் விலைக்குச் சாதாரண ரைஃபிள் ஒன்றை முழுதாகவே வாங்கிவிடலாம். குழலுக்கொரு தொலைநோக்கி வாங்கினால் கணக்கு இன்னும் ஏறும்.

நான்காவது காரணம் பயணம். நீண்ட ரைஃபிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையங்களில் அலைவதைவிட, கழற்றி அடுக்கிய குட்டைப் பெட்டி ஒன்று எவ்வளவோ மேல். ஆர்8-ல் விசையும் தோட்டா அறையும் ஒரே துண்டாகக் கழன்று வரும். அது இல்லாமல் துப்பாக்கி சுடாது. ஆனால் பெட்டி சிறுத்தாலும் நடைமுறைகள் சிறுப்பதில்லை. குண்டு நீக்கிய துப்பாக்கியைப் பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, அதைப் பயணியே அறிவித்து, விமானத்தின் அடிவயிற்றில் ஏற்ற வேண்டும். தோட்டாக்கள் தகுந்த உறையில் தனியே. ஒருவருக்கு ஐந்து கிலோவுக்கு மேல் கூடாது என்பது விமானப் போக்குவரத்தில் பொதுவான வரம்பு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 1991-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறியின்படி உருவான ஐரோப்பியத் துப்பாக்கிக் கடவுச்சீட்டு வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இறங்கினால் காவல் துறையின் 520-ஆம் எண் படிவம். அதில் எழுதிய எண்ணையும் இரும்பில் பொறித்த எண்ணையும் அங்குள்ள காவலர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

எந்த இரும்பில் பொறித்த எண்ணை? இங்கேதான் நம் கேள்வி திரும்பி வருகிறது.

பாலி மொழியின் மிலிந்த பஞ்ஹாவில் கிரேக்க அரசன் மிலிந்தனிடம் நாகசேனர் கேட்பது இதே கேள்விதான். நீர் வந்த தேர் எது? அச்சா, சக்கரமா, ஏர்க்காலா? எதுவுமில்லை என்று அரசன் ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்கிறான். உறுப்புகள் கூடிய நிலைக்கு வழக்கம் இட்ட பெயரே தேர் என்பதில் உரையாடல் போய் முடிகிறது. தத்துவத்துக்கு இது போதும். அரசாங்கத்துக்குப் போதாது. அது ஏதோ ஓர் உறுப்பின்மேல் எண்ணைப் பொறித்துத்தான் ஆக வேண்டும்.

அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடு உடலையே துப்பாக்கி என்கிறது. கூட்டாட்சிச் சட்டத்தின் பார்வையில் குழல் வெறும் உதிரி பாகம். ஆனால் அங்கும் குழப்பம் தீரவில்லை. கண்டெண்டர் கைத்துப்பாக்கிக்கு 21 அங்குலக் குழலும் ரைஃபிள் கட்டையும் கொண்ட மாற்றுத் தொகுதி ஒன்றை அந்த நிறுவனம் தயாரித்தது. இவற்றைச் சேர்த்து வைத்திருப்பவர் பத்து அங்குலக் கைத்துப்பாக்கிக் குழலோடு ரைஃபிள் கட்டையை மாட்டினால், சிறப்பு வரிக்குரிய குட்டைக்குழல் ரைஃபிள் ஆகிவிடுமே என்றது அரசு. வரி 200 டாலர். நிறுவனம் அதைக் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1992-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது. பெட்டிக்குள் இருக்கும் துண்டுகள் எந்தத் துப்பாக்கி என்பதில் ஒன்பது நீதிபதிகளால் ஒருமனதாக முடிவுக்கு வர இயலவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி வேறு வழியில் செல்கிறது. குழல், உடல், போல்ட் ஆகிய ஒவ்வொன்றும் இன்றியமையாத உறுப்பு. ஒவ்வொன்றிலும் அடையாளம் பொறிக்கப்பட வேண்டும். பிரிட்டனிலும் குழலுக்குத் தனியே அனுமதி தேவை. வேட்டைக்காரர்கள் இதை அதிகாரிகளின் கெடுபிடி என்று முணுமுணுக்கிறார்கள். நாம் ஐரோப்பியர் பக்கமே நிற்கிறோம்.

காரணம் துப்பாக்கிக்குள்ளேயே இருக்கிறது. குழலின் உட்சுவரில் திருகுவரிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. வெளியேறும் குண்டின்மேல் அவை தம் கீறல்களை விட்டுச்செல்கின்றன. காலித் தோட்டாவின் அடிப்பகுதியில் போல்ட் முகமும் ஊசியும் தம் தடத்தைப் பதிக்கின்றன. தடயவியலாளர் படிப்பது இந்த எழுத்துகளைத்தான். கொன்ற குண்டு குழலுக்குச் சாட்சி சொல்கிறது. நடு உடலுக்குச் சொல்வதில்லை. அதோடு நாம் முன்பு பார்த்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுக்குழல் ரைஃபிளில் அழுத்தத்தைத் தாங்குவதும், குறியைச் சுமப்பதும், குண்டுக்கு அளவும் வேகமும் தருவதும் குழல்தான். தாங்கியில் மட்டும் எண்ணைப் பொறித்துவிட்டுக் குழலை எண்ணாமல் விடுவது, தேரை விட்டுவிட்டுக் கொட்டகையைக் கணக்கெடுப்பது போன்றது.

இலக்கியம் படித்தவர்கள் வேறொரு பக்கத்திலிருந்து எதிர்ப்புச் சொல்லக்கூடும். இப்படிக் கழற்றி மாட்டும் கருவிக்கு ஆன்மா உண்டா, அதைப் பற்றி ஒரு கதை எழுத முடியுமா என்று கேட்பார்கள். ஹெமிங்வேயின் பிரான்சிஸ் மகோம்பர் கதையை (1936) அவர்கள் சுட்டிக்காட்டலாம். அதில் மூன்று துப்பாக்கிகள். தொழில்முறை வேட்டைக்காரன் வில்சனிடம் .505 கிப்ஸ், மகோம்பரிடம் ஸ்பிரிங்ஃபீல்ட், காரில் அவன் மனைவியின் கைக்கு எட்டும் தூரத்தில் 6.5 மேன்லிச்சர். துப்பாக்கிகள் அங்கே மூன்று பாத்திரங்கள். கடைசிக் குண்டு எதிலிருந்து வந்தது என்பதில்தான் கதையின் புதிரே இருக்கிறது. இவையெல்லாம் ஒரே துப்பாக்கியின் மூன்று குழல்களாக இருந்திருந்தால் அந்தக் கதை இல்லை.

ரசனைக்கு உகந்த வாதம்தான். ஆனால் தந்தக்கட்டையும் வெள்ளித்தகடும் வேய்ந்த தனித்துப்பாக்கிகள் எவ்வளவு உயிர்களை அற்பக் காரணங்களுக்காகக் கொன்றன என்பதையும் நாம் படித்தே இருக்கிறோம். 'கரமோஜோ' பெல் சுட்ட யானைகள் ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவற்றை அவர் வீழ்த்தியது கார்பெட்டின் ரிக்பிக்கு நிகரான சிறிய.275 அளவில். கருவியை அறிந்த கையும் விலங்கின் உடலை அறிந்த கண்ணும் இருந்தால் பெரிய குழல் தேவையில்லை என்பதற்கு வேட்டைக்காரர்கள் இன்றும் அவரைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த எண்ணிக்கையை யாரும் பின்பற்ற வேண்டியதில்லை. அந்த அறிவு மட்டும் வேண்டும்.

ஏனெனில் இதில் பணயம் வைக்கப்படுவது ரசனை அன்று, காயம். சம்பாவத் பெண்புலியின் வலப்பக்கக் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்ததைக் கார்பெட் பதிவுசெய்திருக்கிறார். இயல்பான இரையைப் பிடிக்க இயலாமல் அது மனிதரிடம் திரும்பியதற்கு அதையே காரணமாகக் கண்டார். அதனால் இறந்தவர்களாகக் கணக்கிடப்பட்டோர் 436 பேர். வெள்ளித் தகடு பதித்த ரிக்பியை நாம் அறிவோம். யாரோ எங்கோ தவறாகச் சுட்ட அந்த முதல் துப்பாக்கியின் பெயர் நமக்குத் தெரியாது. வேட்டை இலக்கியத்தில் பதிவாகாமல் போன துப்பாக்கிகள் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

மாற்றுக்குழல் ரைஃபிள் அத்தகைய காயங்களைக் குறைக்கவும் கூடும், பெருக்கவும் கூடும். பழகிய விசை காயத்தைக் குறைக்கும். ஆனால் சாவியைத் திருகினால் போதும் என்ற நம்பிக்கை, சோதித்துப் பார்க்காத குழலோடு ஒருவரைக் காட்டுக்குள் அனுப்பிவிடும். விமானப் பெட்டியில் இடிபட்ட தொலைநோக்கி, சரியாக இறுக்காத திருகு, பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இருவகைத் தோட்டாக்கள் ஆகிய மூன்றும் இந்த வசதியோடு சேர்ந்தே வருபவை. ஒரு குழலுக்குரிய தோட்டா மற்றொன்றில் வெடித்தால் சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து. ஆப்பிரிக்க வேட்டை முகாம்களில் வந்திறங்கிய விருந்தினரை முதலில் இலக்குப் பலகையைச் சுடச்சொல்லிவிட்டுத்தான் காட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். மூன்று குழல்கள் கொண்டுவந்தவர் மூன்றாலும் சுட்டுக்காட்ட வேண்டும். அதற்குத் தோட்டா போதாது என்றால் அந்தக் குழலை வீட்டிலேயே விட்டுவரலாம்.

வேட்டையை நாம் பரிந்துரைக்கவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் நம் நாட்டில் அந்த வாசலை மூடியதில் நமக்கு வருத்தமும் இல்லை. வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில் அதைச் செய்பவர்களிடம் நாம் கேட்பது சிறிய விஷயம்தான். எத்தனை குழல்களோ அத்தனை எண்கள், அத்தனை படிவங்கள், அத்தனை சோதனைச் சுடுதல்கள். கழற்றி மாட்டுவதில் மிச்சமாகும் நேரத்தை அதற்குச் செலவிடட்டும்.