பாத்துக்கலாம்!

எரிச்சலூட்டும் வார்த்தைகளுக்குப் பட்டியல் போட ஆரம்பித்தால் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அரை குயர் நோட்டு நிறைந்துவிடும். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று மூன்று பேர் சீட்டில் நான்காவதாக உட்காருபவர். "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்துத் தப்பாக மட்டுமே நினைக்க முடிகிற ஒன்றைச் சொல்லும் சொந்தக்காரர். "நான் அப்பவே சொன்னேன்" மாமா. "பி.காமா? ம்ம்... சரி சரி" என்று துக்கம் விசாரிக்கும் பக்கத்து வீட்டு அங்கிள். :-)

இதெல்லாம் கொசுக்கடி. சொறிந்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஒரு வார்த்தை இருக்கிறது. கேட்க ரொம்ப மென்மையாக இருக்கும், சிரித்துக்கொண்டே சொல்வார்கள், தோளில் தட்டியும் சொல்வார்கள். கேட்டவர் வீட்டுக்குப் போன பிறகுதான் பாக்கெட்டில் ஓட்டை விழுந்திருப்பது தெரியும். அந்த வார்த்தை "பாத்துக்கலாம்".

முதலில் கொஞ்சம் இலக்கணம் (தூங்கிவிடாதீர்கள் மக்களே, ஒரே பாராதான்). தமிழ் வினைமுற்று ரொம்ப நேர்மையான ஜீவன். "கொடுப்பேன்" என்று ஒருவர் சொன்னால் கொடுக்கப்போவது யார் என்று "ஏன்" விகுதி காட்டிக்கொடுத்துவிடும். காலமும் அதிலேயே இருக்கும். "கொடுத்தார்கள்" என்றால் எத்தனை பேர், எப்போது என்று தெரியும். ஆனால் "பார்க்கலாம்"? யார் பார்ப்பார்? தெரியாது. எப்போது? தெரியாது. ஒருவரா பத்துப் பேரா? அதுவும் தெரியாது. என்னத்தைப் பார்ப்பது? சுத்தமாகத் தெரியாது. இடமும் காலமும் எண்ணும் கழன்று விழுந்த பிறகு மிச்சம் இருப்பது ஒரு "லாம்" மட்டும்தான். சொன்னவரைப் பிடித்துக் கேட்க ஒரு பிடி கூட அந்த வார்த்தையில் கிடையாது. கையெழுத்தும் தேதியும் இல்லாத செக் மாதிரி.

அரசு ஆபீஸ் கடிதங்களில் வரும் "ஆவன செய்யப்படும்", "நடவடிக்கை எடுக்கப்படும்" எல்லாம் இதற்கு அண்ணன் தம்பிகள்தான். அவற்றில் எதிர்காலமாவது இருக்கிறது, ஆள் மட்டும்தான் இல்லை. "பாத்துக்கலாம்" என்பதில் இரண்டும் இல்லை.

சரி, இதற்கும் விருத்தாசலத்துக்கும் என்ன சம்பந்தம்?

விருத்தாசலம் செராமிக் ஊர். நெய்வேலிப் பக்கத்துக் களிமண், செராமிக் தொழிற்பேட்டை, செராமிக் படிப்பதற்கென்றே ஒரு பயிலகம் என்று மண்ணையே தொழிலாக்கிய ஊர். கொலு பொம்மை, கார்த்திகை அகல் விளக்கு, மின்சார ஃபியூஸ் கட்டையில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் என்று பல வீடுகளுக்குள் இந்த ஊர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. செய்பவர்களில் பெரும்பாலோர் சின்ன யூனிட்காரர்கள். அந்தத் தொழிலின் கணக்கு எப்படி ஓடும் என்று பார்த்தால்தான் "பாத்துக்கலாம்" எவ்வளவு காஸ்ட்லி என்று புரியும்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட்காரருக்கு 1,00,000 ரூபாய்க்கு அகல் விளக்கு ஆர்டர். மண், சூளைக்கு எரிபொருள், வர்ணம், கூலி எல்லாம் சேர்த்து அடக்கம் 90,000. லாபம் 10,000. அடக்கத்துக்குக் கையில் பணம் இல்லை, 2 வட்டிக்கு வாங்குகிறார். அதாவது மாதம் 1,800 ரூபாய் வட்டி. ஐப்பசியில் சரக்கு போய்விட்டது. கடைக்காரர் கார்த்திகை தீபத்துக்குள் அத்தனையையும் ரொக்கத்துக்கு விற்றுவிட்டார். ஒன்றரை மாதத்தில் பணம் கொடுத்தால் வட்டி 2,700 போக யூனிட்காரருக்கு 7,300 நிற்கும். ஆனால் அவர் போன் பண்ணும்போதெல்லாம் பதில் ஒன்றுதான்: "அட, பாத்துக்கலாம்ணே". மாசியில் பணம் வருகிறது. நாலு மாத வட்டி 7,200. மிச்சம் 2,800.

ஆக அந்த வார்த்தையின் விலை 4,500 ரூபாய். கடைக்காரர் திருடவில்லை, ஏமாற்றவில்லை, சண்டை கூடப் போடவில்லை. வெறுமனே சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். அந்த நாலு மாதமும் யூனிட்காரரின் பணம் கடைக்காரருக்கு வட்டியில்லாக் கடனாக உழைத்தது. பாங்கில் போய் அதே கடனைக் கேட்டிருந்தால் ஜாமீன் கேட்டிருப்பார்கள், வட்டி கேட்டிருப்பார்கள்.

இதில் உச்சகட்டக் கொடுமை எது தெரியுமா? சின்னக் கடைகளில் "இன்று ரொக்கம், நாளை கடன்" என்று ஒரு போர்டு தொங்கும். இருபது ரூபாய் சாமான் வாங்குபவனுக்கு "நாளை" என்பது என்றைக்கும் வராத நாள் என்று எல்லாருக்கும் புரியும், சிரித்துவிட்டுப் போவார்கள். லட்ச ரூபாய் சரக்கு எடுப்பவருக்கு மட்டும் அந்த போர்டை யாரும் காட்டுவதில்லை. சின்னவனுக்குக் கையில் காசு வாயில் தோசை. பெரியவருக்கு வாயில் தோசை, காசு "பாத்துக்கலாம்".

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. பி.காம். பாடப் புத்தகத்தைப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி மட்டும் திறப்பவர்களுக்காக ஒரு சின்ன ரிவிஷன். 2006-ல் வந்த குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி வீதம் 6 சதவீதம் என்றால் தாமத வட்டி 18 சதவீதம். புகார் கொடுக்க மாநிலத்தில் வசதியாக்க மன்றம் உண்டு, அது 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. புகாரை ஆன்லைனில் கொடுக்க 2017-ல் சமாதான் என்ற தளமும் வந்தது. போதாததற்கு, 2023-ம் வருட நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஒரு உட்பிரிவைச் சேர்த்தது. கெடு தாண்டிய பாக்கியை, உண்மையில் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும் என்றது. 2024 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தபோது வாங்குபவர்கள் மட்டும் பதறவில்லை. ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடுமோ என்று விற்பவர்கள் தரப்பிலும் பயம் வந்தது.

அந்தப் பயத்தில்தான் எல்லாமே இருக்கிறது. 2 வட்டி என்பது வருடத்துக்கு 24 சதவீதம். சட்டம் தரும் 18 சதவீதம் அந்த வட்டிக்கே காணாது. 90 நாள் கெடுவும் தாளில் இருக்கிறபடி எப்போதும் நடப்பதில்லை. இதற்காகப் புகார் கொடுத்தால் அடுத்த கார்த்திகைக்கு ஆர்டர் வராது. அதனால் யூனிட்காரர் சட்டத்தை மடித்து வைத்துவிட்டு மறுபடி போன் பண்ணுகிறார். மறுபடி "பாத்துக்கலாம்".

சரி, தேதி கேட்டால் என்ன? கேட்டுப் பாருங்கள். உடனே அடுத்த எரிச்சல் வார்த்தை வரும்: "ஏன், நம்பிக்கை இல்லையா? எங்க ஓடிப்போயிடப் போறேன்?" கடன் வாங்கியவர் கோபப்படுவார், கடன் கொடுத்தவர் "அய்யய்யோ அதுக்கில்லைங்க" என்று சமாதானம் சொல்வார். உலகத்தில் வேறெந்த வியாபாரத்திலும் பார்க்க முடியாத காட்சி!

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் இந்த வியாதி இந்த ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. 1833-ல் ஸ்பெயினில் மரியானோ ஹொசே தெ லார்ரா என்ற எழுத்தாளர் "நாளை வாருங்கள்" என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது 23. பதினைந்து நாளில் வேலையை முடித்துக்கொண்டு போகலாம் என்று மாத்ரித் நகருக்கு வந்த ஒரு வெளிநாட்டுக்காரர், ஒவ்வொரு வாசலிலும் "நாளை வாருங்கள்" கேட்டுக் கேட்டு ஆறு மாதம் கழித்து வெறுங்கையோடு திரும்புவதுதான் கதை. இன்னும் பக்கத்தில் வந்தால், 1990-களில் கர்நாடகத்தில் வீட்டுக் கதவில் "நாளே பா" என்று எழுதி வைத்தார்கள். ராத்திரி வந்து கதவைத் தட்டும் பேய் அதைப் படித்துவிட்டு, நாளைக்கு வரலாம் என்று திரும்பிப் போய்விடுமாம். பேயை விரட்டப் பயன்பட்ட வார்த்தையைத்தான் பணம் கேட்டு வரும் மனுஷனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"இது மரியாதைக்குச் சொல்வதுப்பா, முகத்தில் அடித்த மாதிரி இல்லை என்று சொல்ல முடியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. கல்யாணத்துக்குக் கூப்பிடும் தூரத்துச் சொந்தத்திடம் "பார்க்கலாம்" என்று சொல்வதில் தப்பே இல்லை. அங்கே யாருக்கும் வட்டி ஓடவில்லை. வட்டி ஓடுகிற இடத்தில் அது மரியாதை ஆகாது. அங்கே மரியாதையான பதில் இரண்டுதான்: "இந்தத் தேதி தர்றேன்", அல்லது "இப்ப முடியாது". முடியாது என்று தெரிந்தாலாவது அவர் வேறு வழி தேடுவார். "பாத்துக்கலாம்" அந்த வழியையும் அடைத்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் கணக்கு டேலி ஆகாது. அந்த யூனிட்காரரும் சுத்தம் இல்லை. தனக்குப் பணம் வராத வாரம், பொம்மைக்குக் கண் வரையும் அக்காவிடம் அவர் சொல்வதும் இதே வார்த்தைதான்: "அடுத்த சனிக்கிழமை பாத்துக்கலாம்மா". அந்த அக்காவுக்கு அடுத்து யாரிடம் சொல்வது? மளிகைக் கடையில் சொன்னால் போர்டைக் காட்டுவார்கள். பள்ளிக்கூட ஃபீஸ் கட்டும் இடத்தில் சொன்னால் பிள்ளையை வெளியே நிற்க வைப்பார்கள். மேலிருந்து கைமாறி வந்த "பாத்துக்கலாம்" அவரிடம் வந்து நின்றுவிடும். அதற்குக் கீழே வாங்கிக்கொள்ள ஆள் கிடையாது. மாதச் சம்பளம் என்றால் சிறிய தொழிற்சாலைகளில் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும் என்று 1936-லேயே சட்டம் எழுதியாகிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்திலேயே தேதி இருந்தது!

வேடிக்கை என்னவென்றால், விருத்தாசலம் தேதியை மதிக்கத் தெரியாத ஊர் இல்லை. பழமலைநாதர் கோயில் திருப்பணி பற்றி இந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள். விபசித்து முனிவர் வேலையாட்களுக்குக் கூலியாக வன்னி மரத்து இலையைக் கொடுப்பாராம். அவரவர் உழைப்புக்கு ஏற்ற அளவுக்கு அது பொன்னாக மாறுமாம். நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஆனால் அந்தக் கதையில் யாரும் கூலியை "பாத்துக்கலாம்" என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதைவிட நல்ல உதாரணம் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். அங்கே ஜனங்கள் குறையைப் பேப்பரில் எழுதிப் பிராது கட்டுகிறார்கள். பேர், ஊர், என்ன குறை என்று எல்லாம் எழுத்தில் இருக்கும். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் மறக்காமல் வந்து பிராதை வாபஸ் வாங்குவார்கள். யார், என்ன, எதற்குள், முடிந்ததா. ஒரு நல்ல ஒப்பந்தத்துக்கு வேண்டிய நாலும் அதில் இருக்கிறது. முருகனிடமே எழுத்தில் கொடுத்துக் கெடு எதிர்பார்க்கிற ஜனங்கள், சரக்கு எடுத்த கடைக்காரரிடம் ஒரு தேதி கேட்கக் கூச்சப்படுகிறார்கள். முருகன் "ஏன், நம்பிக்கை இல்லையா?" என்று கோபித்துக்கொண்டதாக இதுவரை தகவல் இல்லை.

பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. சட்டத்தை உடனே கையில் எடுக்கக் கூட வேண்டாம். பில்லில் "பணம் தர வேண்டிய தேதி" என்று ஒரு வரி அச்சடித்து, சரக்கு ஏற்றும் முன் அதை வாங்குபவர் கையாலேயே நிரப்பச் சொன்னால் போதும். ஒருவர் மட்டும் கேட்டால் ஆர்டர் போகும். பேட்டையில் இருக்கிற எல்லாரும் அதே வரியை அச்சடித்தால் கடைக்காரர் எங்கே போவார்? கார்த்திகைக்கு விளக்கு வேண்டுமே! அதே போல பொம்மைக்குக் கண் வரையும் அக்காவின் கூலி நோட்டிலும் அந்த வரி இருக்க வேண்டும். அது இல்லாமல் மேலே மட்டும் தேதி கேட்டால் அது நியாயம் ஆகாது.

காமர்ஸ் படிக்கும் மக்களே, அடுத்த முறை யாராவது தோளில் தட்டி "பாத்துக்கலாம்" என்றால் நீங்களும் சிரித்துக்கொண்டே இரண்டே வார்த்தை கேளுங்கள்: "எந்தத் தேதி?"

பி.கு: அரியர் பேப்பர் பற்றிக் கேட்கும் அம்மாவுக்கும் இதே விதிதான். அங்கேயும் "பாத்துக்கலாம்" செல்லாது. :-)