சண்டே டிரைவ்னா கொடைக்கானல்தானா? பசுமலையைச் சுற்றியுள்ள ஊர்ச் சாலைகளில் என்ன இருக்கு?

ஞாயிற்றுக்கிழமை காலை. பசுமலையில் ஒரு வீட்டு வாசலில் கார் ரெடி. "எங்கப்பா போறோம்?" என்று பிள்ளைகள் கேட்டால், மதுரைக்காரர்கள் பலரிடம் இருக்கும் பதில் ரெண்டே ரெண்டுதான். ஒன்று மால், இல்லாவிட்டால் கொடைக்கானல்.

கொடைக்கானலுக்கு ஏறி இறங்கவே ஒரு நாள் போய்விடும். நெரிசல் தாங்காமல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அங்கே போக இ-பாஸும் எடுக்க வேண்டியிருக்கிறது. அதே காரை நான்குவழிச் சாலையில் ஏற்றாமல் ஊர்ச் சாலையில் திருப்பினால், மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

அங்கே போய் என்ன பார்க்கிறது?

பசுமலைக்கு மேற்கே சில கிலோமீட்டரில் விளாச்சேரி. நம் வீட்டு கொலு பொம்மை, கிறிஸ்துமஸ் குடில் பொம்மை பலவும் இங்கே மண்ணில் உருவானவைதான். நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் போனால், பெயின்ட் அடிக்காத பொம்மைகள் வெயிலில் காய்வதைப் பார்க்கலாம்.

அதே பக்கம்தான் கீழக்குயில்குடி. தாமரைக் குளம், அய்யனார் கோயில், பின்னால் சமணர் மலை. செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் என்ற இரண்டு இடங்களில், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன.

கொஞ்சம் தூரம் போகலாம் என்றால், நகரத்தின் மறுபக்கம், மேலூர் அருகே அரிட்டாபட்டி. தமிழ்ப் பிராமி கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், மலையடியில் ஏரிகள், மேலே வட்டமிடும் ராஜாளிப் பறவைகள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட சுமார் 193 ஹெக்டேர் பகுதி இங்கேதான் இருக்கிறது.

வெறும் பொழுதுபோக்குதானா?

இல்லை. 2024 நவம்பரில் அரிட்டாபட்டியை உள்ளடக்கிய சுமார் 2,000 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்த செய்தி வந்தது. 'அது எங்கே இருக்கு?' என்று மேப்பில் தேடிய மதுரைக்காரர்கள் உண்டு. பக்கத்தில் இருந்தும் பார்த்ததில்லை. ஊர் மக்கள் விடவில்லை. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரியில் மதுரை வரை பேரணியாக வந்தார்கள். அதே மாதம் 23-ம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்த வெற்றி முழுக்க ஊர்க்காரர்களுடையது. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அதில் பங்கு கேட்க முடியாது. ஆனால் அந்தக் கண்மாய்க் கரையில் ஒரு முறை நின்ற குடும்பத்துக்கு, '2,000 ஹெக்டேர்' என்பது வெறும் எண்ணாகத் தெரியாது. எந்த மரம், எந்தப் பாறை, எந்த ஊர் என்று கண் முன்னால் வரும். தெரியாத இடம் போனால் யாருக்கும் வலிக்காது. பிள்ளைகளைக் கூட்டிப் போவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

ஊருக்குத் தொல்லை இல்லையா?

நியாயமான கேள்வி. ஐம்பது கார் வரிசையாக வந்தால் கொடைக்கானலின் தலைவலிதான் இங்கேயும்.

கிராமச் சாலைகளில் தார் போட்ட அகலம் பெரும்பாலும் 3.75 மீட்டர். சில இடங்களில் 3 மீட்டர்தான். பல கார்களின் அகலமே 1.7 மீட்டருக்கு மேல். எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் மண்ணில் இறங்கியே ஆகணும். அது காரில் வந்தவராக இருப்பதுதான் முறை. அவர் ஜாலியாக வந்திருக்கிறார், டிராக்டர்காரர் வேலையாகப் போகிறார்.

அறுவடை சமயத்தில் சாலையில் நெல் காயும். 'ரோட்டை மறிச்சிட்டாங்க' என்று எரிச்சல்படுவதில் அர்த்தமில்லை. களம் இல்லாத ஊரில் சாலைதான் களம். ஓரமாக உருட்டுங்கள், இல்லையென்றால் வேறு வழியில் போங்கள். ஆடு கடந்தால் ஹாரனில் கை வைக்காமல் நில்லுங்கள். ஊருக்குள் 20 கி.மீ. வேகம் தாராளம். கண்மாய்க் கரை மேல் வண்டியை ஏற்றாதீர்கள், மழையில் நனைந்த கரை தாங்காது. கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்காதீர்கள். டீயும் வடையும் ஊர்க் கடையிலேயே வாங்குங்கள். குப்பை மட்டும் உங்களோடு வீட்டுக்கு வரட்டும்.

எப்படி ஆரம்பிக்கிறது?

பெரிய பிளான் வேண்டாம். காலை ஆறரைக்குக் கிளம்புங்கள், ஒரு ஞாயிற்றுக்கு ஒரு ஊர் போதும். காரை ஊர் எல்லையில் நிழலாகப் பார்த்து நிறுத்திவிட்டு மீதியை நடந்து பாருங்கள். வழி தெரியாவிட்டால் போனைப் பார்ப்பதற்கு முன், டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் பிள்ளையை விட்டே கேட்கச் சொல்லுங்கள். மேப்பில் இல்லாத ரெண்டு கதையும் சேர்ந்தே கிடைக்கும்.