அடிக்கத் தெரியாத பேனா

சென்ற வருஷம் என் அத்தை இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டாள். இரவு இரண்டு மணிக்குக் கொல்லைப்பக்கம் போக எழுந்தவள், தலை சுற்றி விழுந்தாள். "எழுபத்தாறு வயசாகிறது, விதி!" என்று சொல்லி, ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள் வந்தவர்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அந்த விதியின் கையெழுத்தைப் படித்துக் காட்டியவர், அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற கம்பவுண்டர்.

அத்தையின் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துக் கொட்டினார். பதினொரு மருந்து. "இதுவும் அம்லோடிபின், இதுவும் அம்லோடிபின்" என்று இரண்டை எடுத்து ஓரமாக வைத்தார். ஒன்று, ரத்தக் கொதிப்புக்காகக் குடும்ப டாக்டர் என்றோ கொடுத்தது. மற்றது, நிமோனியாவுக்காகச் சேர்த்திருந்த பெரிய ஆஸ்பத்திரி, வீட்டுக்கு அனுப்பும்போது வேறு கம்பெனிப் பெயரில் எழுதிக் கொடுத்தது. பழையதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அந்த மருந்து அளவு ஏறினால் கணுக்கால் வீங்கக்கூடும், வீங்கிற்று. மூன்றாவது டாக்டர் வீக்கத்தைப் புது வியாதியென்று எண்ணி, நீர் பிரிய ஒரு மாத்திரை எழுதினார். ராத்திரியில் எழவேண்டியதாயிற்று, எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றிற்று. தலைசுற்றலுக்கு நாலாவது டாக்டர் நாலாவது மாத்திரை கொடுத்தார். என் அத்தையைத் தள்ளிவிட்டது விதியல்ல, நாலு பேனாக்கள்.

நாலும் யோக்கியமான பேனாக்கள்தாம். அதுதான் எனக்கு ஆத்திரம். கமிஷன், மருந்துக் கம்பெனி என்று வைது தீர்த்துவிடலாம். வையத் தக்கவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இங்கே ஒரு அயோக்கியனும் இல்லாமலே எலும்பு முறிந்திருக்கிறது. நம் ஆஸ்பத்திரிகளில் மருந்தை எழுத ஆள் உண்டு, அடிக்க ஆள் இல்லை. இருதய டாக்டர் எழுதியதைத் தொடச் சிறுநீரக டாக்டருக்குச் சங்கோஜம். மாமியார் கூட்டிய குழம்பில் உப்புப் பார்க்கத் தயங்கும் மருமகளைப் போல.

விதிகள் இல்லாமல் இல்லை. மருந்தின் மூலப் பெயரைப் படிக்கும்படி எழுதவேண்டும் என்று 2016-லேயே அன்றைய மருத்துவக் கவுன்சில் சொல்லிற்று. 2023 ஆகஸ்டில், மீறினால் தண்டனை என்று விதியை இறுக்கினார்கள். அதே மாதத்தில் நிறுத்தியும் வைத்தார்கள். மூலப் பெயரில் எழுதினால் கடைக்காரர் மட்டச் சரக்கைத் தள்ளிவிடுவாரே என்று டாக்டர்கள் கேட்டார்கள். நியாயந்தான், சரக்கைச் சோதிக்கட்டும். ஆனால் கம்பெனிப் பெயரை எழுதும் கை, பக்கத்தில் மூலப் பெயரையும் எழுதினால் சுளுக்கிக்கொள்ளுமா? இரண்டு சீட்டிலும் அந்த ஒரு பெயர் இருந்திருந்தால், எட்டாவது படித்த என் அத்தையே கண்டுபிடித்திருப்பாள்.

"நேரம் ஏது, ஐயா? வாசலில் நூறு பேர் நிற்கிறார்கள்" என்பார்கள். சரி, 2008 முதல் இந்நாட்டில் மருந்துகளைப் பற்றியே ஆறு வருஷம் படித்து, 'பார்ம் டி' பட்டம் வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்களே? வீட்டுக்குப் போகும் நோயாளியின் பழைய சீட்டையும் புதிய சீட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க அவர்களில் ஒருவரை உட்கார்த்தினால் என்ன? நீங்கள் எத்தனை வார்டுகளில் அப்படி ஒருவரைக் கண்டிருக்கிறீர்கள்?

நாமும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஜலதோஷக் கிருமியிடம் ஆன்டிபயாடிக் பலிக்காது. அதைச் சொல்லி, "வெந்நீர் குடியுங்கள், போதும்" என்று அனுப்பும் டாக்டரை நாம் மறுமுறை எட்டிப் பார்க்கிறோமா? ஊசி போடாதவருக்குப் பீஸ் எதற்கு என்றல்லவா முணுமுணுக்கிறோம்?

பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு குடும்ப டாக்டரிடம் போனேன். வெகுநேரம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். சில கேள்விகள் கேட்டார். பிறகு பேனாவை எடுத்து, பதினொன்றில் ஐந்தை அடித்தார். பணத்தை நீட்டினேன், வாங்கவில்லை. "இன்றைக்கு நான் ஒன்றும் எழுதவில்லையே!" என்றார். நானும் சரியென்று பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். பாதித் தெருவில்தான் உறைத்தது. திரும்பிப் போய், வழக்கமான பீஸைப்போல் இரண்டு மடங்கை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.